உழைச்சவனுக்குக் கிடைக்கும், கிடைக்காதவன் உழைக்கலை: சரியா?

கரிசல்காட்டான் | 10 ஜூன் 2024, இரவு 9:12

நேற்று டிஎன்பிஎஸ்சி குரூப் 4, அதான் அரசு இளநிலை வேலைகளுக்கான தேர்வு, எழுதியாச்சு. நல்லாவே போச்சு. திரும்பி வரும்போது பஸ் முழுக்க ஒரே புலம்பல். கேள்வி கஷ்டம், நேரம் பத்தலை, நமக்கு ராசியில்லை. எரிச்சலாக வந்தது. ஒன்றரை வருஷமாகத் தினம் 12 மணி நேரம் படித்தவன் நான். ஆறிலிருந்து பத்து வரை சமச்சீர் புத்தகம் வரிக்கு வரி தெரியும். உழைத்தவனுக்குக் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் அவன் உழைக்கவில்லை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? இருந்தால் சொல்லுங்கள்.

நகல்கடை | 10 ஜூன், இரவு 11:40

இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். அதற்கு முன்னால் அதே நூலகத்தில் உட்கார்ந்து படித்தவன். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) தேர்வு குரூப் 4-இல் சேராமல் தனியாக நடந்த காலம் அது. நாளைக்கு எழுதுகிறேன்.

நகல்கடை | 11 ஜூன், மதியம் 3:05

சரி, கணக்காகவே பேசுவோம்.

மொத்தம் 200 கேள்வி, ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண், ஆக 300. தப்பாகப் போட்டால் குறைக்க மாட்டார்கள். அதனால் தெரியாத கேள்விக்கும் எல்லோரும் விடைத்தாளில் ஏதாவது ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டுத்தான் வருவார்கள்.

ஒரே பெஞ்சில் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் 150 கேள்விக்கு உறுதியாக விடை தெரியும். அதாவது படிப்பு சமம், உழைப்பு சமம். மீதி 50-ஐக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். நாலில் ஒன்று சரியாகும் என்றால் சராசரியாக 12 அல்லது 13. ஆனால் சராசரி என்பது ஆளுக்கு ஆள் அப்படியே வந்துவிடாது. ஒருவனுக்கு 9 சரியாகும், இன்னொருவனுக்கு 16. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஏழு கேள்வி வித்தியாசம், பத்தரை மதிப்பெண்.

பத்தரை மதிப்பெண்ணுக்கு நடுவில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கில் நிற்கிற தேர்வு இது. ஒருவன் தாலுகா ஆபீஸுக்குப் போவான், இன்னொருவன் அடுத்த அறிவிப்புக்கு என் கடைக்கு வருவான். இதில் யார் உழைக்கவில்லை?

நகல்கடை | 11 ஜூன், இரவு 10:50

மதியம் எழுதியதை இப்போது படித்தால், 'எல்லாம் விதி' என்று சொன்னது போல இருக்கிறது. நான் சொல்ல வந்தது அது இல்லை.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பகுதியில் 100 கேள்வி. அதில் 40 சரியாக இருந்தால்தான் அடுத்த பகுதியைத் திருத்தவே எடுப்பார்கள். ஒன்றுமே தெரியாமல் குருட்டாம்போக்கில் போட்டால் 25 வரும். முழுத் தாளையும் அப்படிப் போட்டால் 50 சரி, 75 மதிப்பெண். குறைந்தபட்சம் 90 வேண்டும். ஆக, அதிர்ஷ்டம் மட்டும் வைத்திருப்பவன் வாசலிலேயே நின்றுவிடுவான். அந்த 50-இலிருந்து 150-க்கு வருவது முழுக்க முழுக்கப் படிப்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 150-க்கு வந்த பிறகு பக்கத்தில் இருப்பவனும் 150-க்கு வந்திருக்கிறான் பாருங்கள், அங்கேதான் கரிசல்காட்டான் சொல்கிற நியாயம் வேலை செய்யாது.

கரிசல்காட்டான் | 12 ஜூன், காலை 7:30

அப்போ 150-இல் ஏன் நிற்கணும்? 185-க்குப் படிக்க வேண்டியதுதானே?

நகல்கடை | 12 ஜூன், காலை 9:15

படிக்கலாம். வீட்டில் சோறு பொங்கி வைக்க ஆள் இருந்தால்.

நகல்கடை | 14 ஜூன், இரவு 11:20

மேலே வெடுக்கென்று எழுதிவிட்டேன். விளக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் நூலகத்துக்கு ஒரு அக்கா வருவார். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக வந்துவிடுவார். மதியத்துக்குள் கிளம்பி, சமையல், மாமியாருக்கு மருந்து, திரும்பப் பிள்ளையைக் கூட்டப் போக வேண்டும். அவருக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு மிஞ்சினால் மூன்று மணி நேரம். அதே மேசையில் காலை எட்டு மணிக்கு வந்து இரவு கதவு சாத்தும்வரை இருக்கிற பையன்களும் உண்டு. மதியம் டிபன் பாக்ஸ் வீட்டிலிருந்து வரும். இவர்கள் நடுநடுவே என் கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டு கட்-ஆஃப் பற்றிப் பேசுவார்கள். அவர்களே சொல்வார்கள், 'அண்ணாச்சி, இன்னைக்கு 12 மணி நேரம்' என்று. நாற்காலியில் பை இருந்த நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்கு.

அந்த அக்கா ஒருநாளும் மணிக்கணக்கு சொல்லிக் கேட்டதில்லை. பழைய வினாத்தாள் நகல் எடுக்கும்போது மட்டும், 'முன்பக்கம் பின்பக்கம் எடுங்க, பேப்பர் மிச்சம்' என்பார்.

இவரை விடப் பையன்கள் அதிகம் உழைத்தார்களா? மணியை வைத்துப் பார்த்தால் ஆமாம். ஒரு நாளில் தன் கையில் இருந்ததில் எவ்வளவைக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் இல்லை. தேர்வுக்கு இந்த இரண்டாவது கணக்கு தெரியாது, தெரியவும் முடியாது. விடைத்தாளில் கறுப்பு வட்டம்தான் தெரியும். ஆனால் நாம் மனிதர்கள்தானே, நமக்குமா தெரியக் கூடாது?

பெண்களுக்கு 30 சதவீத இட ஒதுக்கீடு எதற்கு என்று அந்த டீக் கூட்டத்தில் அடிக்கடி ஒரு பேச்சு வரும். அந்த நேரத்தில் எனக்கு மெஷினில் பேப்பர் மாட்டிக்கொள்ளும்.

மணிமுத்தாறு | 15 ஜூன், காலை 6:48

நகல்கடை அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ஜெயிச்சவங்க யாரும் இப்படிப் பேசுறதில்லை. தோத்தவங்க மட்டும்தான் அதிர்ஷ்டம், சூழ்நிலைன்னு பேசுறாங்க.

நகல்கடை | 15 ஜூன், மதியம் 2:30

தப்பாக நினைக்கவில்லை. நியாயமான கேள்வி, எனக்கே அவ்வப்போது வரும். வேலை கிடைத்திருந்தால் இதே வாயால் நானும் 'உழைப்பு தம்பி, உழைப்பு' என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அநேகமாகச் சொல்லியிருப்பேன்.

ஆனால் அது என் வாதத்தைப் பொய்யாக்காது. தோற்றவனுக்கு அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேச ஒரு காரணம் இருக்கிறது என்றால், ஜெயித்தவனுக்கு அதைப் பற்றிப் பேசாமல் இருக்க அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. இரண்டு பேர் சாட்சியையும் அரைப்படி குறைத்துத்தான் அளக்க வேண்டும்.

ஜெயித்தவர்கள் என் கடைக்கு இனிப்போடு வருவார்கள், சந்தோஷமாக இருக்கும். அன்றைக்கு ஒரு கதை சொல்வார்கள். நான் அவர்களை வருஷக்கணக்கில் பார்த்தவன். மதியம் தலையைக் கவிழ்த்துத் தூங்கியது, ஐபிஎல் நேரத்தில் ஆளையே காணாமல் போனது எல்லாம் எனக்குத் தெரியும். அன்றைய கதையில் அது எதுவும் இருக்காது. பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். நியமன ஆணை கைக்கு வந்ததும் நினைவு தானாகவே அப்படி மாறிவிடுகிறது. அதைக் கேட்டுவிட்டு அடுத்த செட் பையன்கள் தூக்கத்தைக் குறைக்கிறார்கள். அதுதான் எனக்குக் கவலை.

நகல்கடை | 22 ஜூன், இரவு 9:00

உத்தேச விடைக்குறிப்பு வந்ததிலிருந்து கடையில் இதே பேச்சு. எல்லோரும் எண்ணிவிட்டார்கள். எண்ணியவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: 'ஒரே ஒரு கேள்வியில் போச்சு அண்ணாச்சி.'

நாற்பது கேள்வியில் போச்சு என்று ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை. நாற்பது தப்பாகியிருக்கும். அதில் 39-க்கு வருத்தமே கிடையாது. ஒன்றே ஒன்று, முதலில் சரியாகத் தோன்றி, கடைசி நொடியில் மனசு மாறி வேறு வட்டத்தைக் கறுப்பாக்கிய அந்த ஒன்று, அதுதான் ராத்திரி தூங்கவிடாது. அதேபோல மனசு மாறியதால் சரியான கேள்விகளும் இருக்கத்தானே செய்யும்? அதை யாரும் எண்ணுவதில்லை.

இன்னொரு வேடிக்கை. A, B, C, D-க்குப் பிறகு E என்று ஒரு வட்டம் இருக்கிறது: 'விடை தெரியவில்லை'. 2020-இல் நடந்த சீர்திருத்தத்தில் வந்தது. விடைத்தாளில் காலியாக எதையும் விட்டுவைத்தால் பின்னால் யாராவது நிரப்பிவிடலாம் என்பதால் கொண்டுவந்தார்கள். காரணம் சரிதான். ஆனால் தப்புக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாத தேர்வில் யார் E போடுவான்? தெரியாது என்று ஒப்புக்கொண்டால் பூஜ்யம், தெரிந்த மாதிரி ஒரு வட்டம் போட்டால் நாலில் ஒரு வாய்ப்பு. அரசாங்க வேலைக்குப் போகும் முன்பே நல்ல பயிற்சி!

ஆனாலும் E போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருத்தரிடம் கேட்டேன். 'தெரியாததுக்குத் தெரிஞ்ச மாதிரி போட மனசு வரலை' என்றார். அவருக்குப் புத்தி சொல்வதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. அடுத்த முறை ஏதாவது போடுங்கள் என்று புத்திதான் சொன்னேன்.

தட்டச்சு அக்கா | 23 ஜூன், காலை 10:10

டைப்பிங் முடிச்சா டைப்பிஸ்ட் வேலைக்குக் கட்-ஆஃப் கொஞ்சம் குறையும்னு ஹையர் கிரேடு வரைக்கும் முடிச்சவ நான். அதுவும் உழைப்புதான், யாரும் கணக்கில் சேர்க்கிறதில்லை. சும்மா சொன்னேன், நீங்க தொடருங்க.

நகல்கடை | 7 ஜூலை, இரவு 8:40

வராதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த முறை விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். எழுதியவர்கள் 16 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. நான்கு லட்சத்துக்கு மேல் ஆட்கள் மனு போட்டுவிட்டு ஹாலுக்கு வரவில்லை. 2022-லும் இதே கதைதான், 22 லட்சம் மனுவில் சுமார் 18 லட்சம்தான் எழுதினார்கள். ஒன்பது மணிக்குக் கேட் சாத்தியதால் வெளியே நின்று அழுதவர்கள் சிலர் இதில் உண்டு, டிவியில் காட்டுவார்கள். அது சிறு பங்கு. மற்றவர்கள்?

அந்த நாலு லட்சத்தில் என் கடையில் மனு போட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். கடைசி நாள் பிப்ரவரி 28. அன்றைக்கு ராத்திரிதான் கூட்டம். ஒரு மாசம் திறந்து கிடக்கும்போது வராதவன், சர்வர் திணறும்போது வருவான். பாஸ்வேர்டு மறந்திருக்கும். ஒருமுறைப் பதிவு செய்த போன் நம்பர் பழைய சிம்மில் இருக்கும். பையனோடு அப்பா வந்திருப்பார். பணத்தை அவர்தான் எடுத்து நீட்டுவார். பையன் மானிட்டரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அந்த மனு பையனுக்காக அல்ல, வீட்டுக்காக. 'எங்க பையன் குரூப் 4-க்கு மனு போட்டிருக்கான்' என்று ஆறு மாசம் சொல்லலாம். கல்யாண வீட்டில் யாராவது 'தம்பி என்ன பண்ணுது' என்று கேட்டால் பதில் இருக்கிறது. நூறு ரூபாய்க்கு இவ்வளவு நிம்மதி வேறு எங்கே கிடைக்கும்? கட்டண விலக்கு இருப்பவர்களுக்கு அந்த நூறும் இல்லை.

சோம்பேறி என்று நானும் மனதுக்குள் திட்டியதுண்டு. இப்போது திட்டுவதில்லை. எழுதிவிட்டுத் தோற்பதைவிட எழுதாமல் இருப்பது பல பேருக்குப் பாதுகாப்பாக இருக்கிறது. எழுதாதவனுக்கு 'எழுதியிருந்தால் கிடைத்திருக்கும்' என்பதாவது மிஞ்சும். 12 மணி நேரம் படித்து எழுதியவனுக்கு அதுவும் கிடையாது. கரிசல்காட்டான் சொல்கிற நியாயம், கிடைக்காதவன் உழைக்கவில்லை என்பது, இந்தப் பையன் காதிலும் விழுகிறது. அப்புறம் அவன் எதற்கு உழைத்துக் காட்டுவான்?

மணிமுத்தாறு | 11 ஆகஸ்ட், இரவு 10:22

எல்லாம் சரி அண்ணே. 2019-இல் ராமேஸ்வரம் கூத்து மறந்து போச்சா? உழைப்பு, அதிர்ஷ்டம் ரெண்டும் இல்லாம மூணாவது வழியும் இருக்கே.

நகல்கடை | 12 ஆகஸ்ட், மதியம் 1:15

மறக்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக: 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4-இல் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் பட்டியலில் மேலே மேலே வந்தார்கள். விசாரித்தால், கொஞ்ச நேரத்தில் அழிந்துவிடும் மையில் எழுதிவிட்டு வந்திருக்கிறார்கள், பிறகு வேறு ஆட்கள் சரியான விடையை நிரப்பியிருக்கிறார்கள். 2020 ஜனவரியில் 99 பேருக்கு ஆயுள் தடை.

எனக்கு அந்த 99 பேரைவிட அன்றைக்குக் கடையில் நடந்த பேச்சுதான் ஞாபகம் இருக்கிறது. காலையில் பேப்பர் வந்ததும் எல்லோருக்கும் கொதிப்பு. 'நாங்க இங்க ராப்பகலா படிக்கிறோம்' என்று ஒருவன் கண் கலங்கினான். சாயங்காலம் அதே கூட்டம், கொதிப்பு ஆறிய பிறகு, 'எவ்வளவு கொடுத்திருப்பான்?' என்ற இடத்துக்கு வந்தது. அப்புறம் 'நம்மகிட்ட ஒரு புரோக்கரும் வரலையே' என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். காலையில் கண் கலங்கியவனும் சிரித்தான்.

அவர்கள் யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கோபத்துக்கும் அந்தச் சிரிப்புக்கும் நடுவில் ஒரு பகல்தான் இருந்தது.

நகல்கடை | 13 செப்டம்பர், இரவு 9:30

காலியிடம் 6,244-இலிருந்து 6,724 ஆகியிருக்கிறது. கடை வாசலில் இன்றைக்கு டீ இரண்டு ரவுண்டு.

நகல்கடை | 12 அக்டோபர், இரவு 10:05

இப்போது 8,932.

கரிசல்காட்டான், நீங்கள் ஜூனுக்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. வந்தால் இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஜூன் 9 மதியம் 12:30-க்குப் பேனாவைக் கீழே வைத்தாச்சு. அதற்குப் பிறகு யாரும் ஒரு வரி கூடப் படித்து அந்த விடைத்தாளை மாற்ற முடியாது. ஆனால் அறிவித்த இடத்தைவிட இப்போது 2,688 இடம் கூடிவிட்டது. எங்கோ ஒரு துறையில் யாரோ ஓய்வு பெற்றார்கள், யாரோ கோப்பில் கையெழுத்துப் போட்டார்கள். ஜூனில் தோற்றிருக்க வேண்டிய 2,688 பேர் அக்டோபரில் ஜெயித்திருக்கிறார்கள். விடைத்தாள் அதேதான். உங்கள் கணக்குப்படி இவர்கள் உழைத்தவர்களா, உழைக்காதவர்களா? எந்தத் தேதியிலிருந்து?

2022-லும் இப்படித்தான். 7,301 என்று அறிவித்து, கடைசியில் பத்தாயிரத்தைத் தாண்டியது. முடிவு வர அடுத்த மார்ச் ஆனது. அந்த எட்டு மாசத்தில் எத்தனை பேர் 'நமக்கு வராது' என்று திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனார்கள் என்று யாரும் எண்ணவில்லை. என்னிடம் ஹால் டிக்கெட் நகல் எடுத்தவன் ஒருவன் பனியன் கம்பெனியில் இருந்தபோது லிஸ்ட்டில் பெயர் வந்தது.

தட்டச்சு அக்கா | 12 அக்டோபர், இரவு 10:40

அப்போ என்னதான் பண்ணச் சொல்றீங்க? படிக்கவா, வேண்டாமா?

நகல்கடை | 12 அக்டோபர், இரவு 11:30

படியுங்கள். 40 சரியாக வேண்டிய இடத்தில் 25-ஐ வைத்துக்கொண்டு யாரும் உள்ளே போக முடியாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

என் சண்டை படிப்போடு இல்லை. கிடைக்காதவனைப் பார்த்து 'நீ உழைக்கவில்லை' என்று சொல்வதோடுதான். அதை ஊரார் சொல்வது ஒரு பக்கம். அவனே தனக்குச் சொல்லிக்கொள்வது இன்னும் மோசம். அப்படிச் சொல்லிக்கொள்கிறவனால் நிறுத்தவே முடியாது. போன முறை போதவில்லை, இந்த முறை இன்னும் கொஞ்சம், அவ்வளவுதானே? இந்தத் தேர்வின் பல பணிகளுக்கு, பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்திருந்தால் வயது வரம்பே கிடையாது. நல்ல விஷயம்தான், அந்த அக்கா போன்றவர்களுக்கு அதனால்தான் வழி. ஆனால் வெளியே இருந்து யாரும் 'போதும்' என்று சொல்ல மாட்டார்கள் என்பதும் அதில் இருக்கிறது. அதை அவரவரேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். தோல்வி முழுக்க என் குற்றம் என்று நம்புகிறவன் வாயில் அந்தச் சொல் வராது.

நான் நிறுத்தியது ஞானத்தால் இல்லை. கல்யாணம் ஆயிற்று, பழைய மெஷின் ஒன்று மலிவாக வந்தது.

கரிசல்காட்டான் | 29 அக்டோபர், காலை 8:20

நேற்று ரிசல்ட். ரேங்க் பார்த்தேன். 6,244 இடம்தான் என்று இருந்திருந்தால் என் பிரிவில் எனக்கு வந்திருக்காது. இப்போது வந்துவிடும் போலத் தெரிகிறது. அண்ணே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நான் உழைத்தேன். அதை மட்டும் யாரும் இல்லை என்று சொல்ல வேண்டாம்.

நகல்கடை | 29 அக்டோபர், காலை 9:05

யார் சொன்னது இல்லை என்று? வாழ்த்துகள் தம்பி. நிஜமாகவே சந்தோஷம்.

மணிமுத்தாறு | 29 அக்டோபர், மதியம் 12:50

நமக்கு இல்லை. ஒரே ஒரு கேள்வியில் போச்சு.

நகல்கடை | 29 அக்டோபர், மதியம் 1:30

மணிமுத்தாறு, கடைக்கு வாருங்கள், டீ என் கணக்கு.

நகல்கடை | 3 நவம்பர், இரவு 8:15

கரிசல்காட்டானுக்கும், பட்டியலில் பக்கத்தில் இருக்கிற மற்றவர்களுக்கும். சான்றிதழ் பதிவேற்ற வேண்டிவரும். தமிழ்வழியில் படித்ததற்கான 20 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்டிருந்தால், ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எத்தனை பள்ளி மாறினீர்களோ அத்தனை தலைமை ஆசிரியரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பள்ளியில் மட்டும் வாங்கிவிட்டு ஆரம்பப் பள்ளியை மறந்துவிடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். ஆரம்பப் பள்ளி மூடிவிட்டது என்றால் கடைசி வாரம்வரை காத்திருக்காமல் நாளைக்கே கல்வி அலுவலகத்தில் போய் விசாரியுங்கள். சாதிச் சான்றிதழில் அப்பா பெயரின் எழுத்தும் மார்க் ஷீட்டில் உள்ள எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஸ்கேன் பண்ணும்போது முத்திரை தெளிவாகத் தெரிய வேண்டும், போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள்.

கடைசி நாள் ராத்திரி என் கடைக்கு வராதீர்கள். வந்தால் செய்து கொடுப்பேன், ஆனால் திட்டுவேன்.